கிலோவும் கூலிதான்: வளைகுடாவில் உழைக்கும் மலையக உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்



பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, டயகம, இராகலை, தலவாக்கலை என்று எல்லாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் குவைத்துக்கும் சவூதிக்கும் கட்டாருக்கும் டுபாய்க்கும் ஜோர்தானுக்கும் வேலைக்குப் போயிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் ஆசிரியர். ஊருக்கு வந்ததும் டிக்கெட்டையும் ரசீதையும் என்னிடம் நீட்டி, "சேர், இவ்வளவு காசு எதுக்குப் பிடிச்சாங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்துச் சொல்ல முடிந்தது. பிடித்த காசை வாங்கித் தர முடியவில்லை. கவுண்டரில் கட்டிய பிறகு அதற்கு வழி இல்லை. அதனால்தான் நீங்கள் இன்னும் அங்கே இருக்கும்போதே, டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, இது உங்கள் காதில் விழவேண்டும் என்று எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். விமானத்தில் நீங்கள் கொண்டுவரக்கூடிய கிலோ, உங்கள் கூலியின் ஒரு பங்கு. சம்பளம் எவ்வளவு, லீவு எப்போது என்று கேட்பது போல, வரும்போது எத்தனை கிலோ என்றும் கேட்க வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் சிலருக்குக் கிடைக்கும். எல்லாரும் சேர்ந்து கேட்டால் அதை உடன்படிக்கையிலேயே எழுதவைக்கலாம்.

திரும்பி வந்த ஒரு தாய் என்னிடம் சொன்னதை இங்கே வைக்கிறேன், உங்களில் பலருக்கு இது புதிதாக இருக்காது. நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டிய அட்டைப் பெட்டி. அதன் நாலு பக்கமும் மார்க்கர் பேனாவால் அவர் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், வீட்டுத் தொலைபேசி எண். பெட்டியைத் தூக்கி வைத்ததும் திரையில் 41 என்று காட்டியது. டிக்கெட்டில் 30. கவுண்டரில் இருந்தவர் ஒரு துண்டுக் காகிதத்தில் தொகையை எழுதி நீட்டினார். கையில் இருந்ததெல்லாம் கட்டுநாயக்கவிலிருந்து அட்டனுக்கு வான் பிடிக்க வைத்திருந்த பணம். பின்னால் வரிசை நின்றது. "ஓரமாப் போய்க் குறைச்சிட்டு வாங்க" என்று கையைக் காட்டினார்களாம்.

அந்தப் பளிங்குத் தரையில் குந்தி, வீட்டுச் சாவியால் டேப்பைக் கிழித்து, ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்திருக்கிறார். இரண்டு டின் பால்மா, மகனுக்குச் சப்பாத்து, மகளுக்குப் புத்தகப் பை, சவர்க்காரக் கட்டுகள், மாமியாருக்குத் தைலம், இரட்டைக் கட்டில் போர்வை ஒன்று. எல்லாவற்றிலும் பாரம் போர்வைதான். தை மாதத்து நுவரெலியாக் குளிரில், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் விடியலில், லயக் காம்பராவின் சிமெந்துத் தரையில் படுத்திருக்கும் பிள்ளைகளை நினைத்து வாங்கிய போர்வை. அதைத்தான் கடைசியில் விமான நிலையத்துக் கதிரையில் மடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். "யாராச்சும் எடுத்துப் போத்திக்கட்டும்" என்றார். அவர் அழவில்லை. எனக்குத்தான் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

உங்கள் மேல் எனக்குள்ள கோபத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. கிலோக் கணக்கு உங்களுக்குத் தெரியாததா? கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்றே வளர்ந்தவர்கள் நீங்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கழிக்கும்போது, "நேத்து மழையே இல்லையே, எந்த ஈரத்துக்கு வெட்டுறீங்க?" என்று கேட்ட வாய் உங்களுடையது. பதினெட்டு கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான், என்றபோது துரை பங்களா வாசல் வரை போய் நின்றவர்கள் உங்கள் அம்மாமார். அதே நீங்கள், விமான நிலையத் தராசுக்கு முன்னால் மட்டும் ஏன் வாயைத் திறக்காமல் நிற்கிறீர்கள்? மடுவத்தில் கணக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும். விமான நிலையத்துக் கணக்கை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காரணம் அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கவுண்டரில் மேலதிகமாக ஒரு கிலோவுக்கு 10 டொலர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்துக்கு நிறுவனம், பாதைக்குப் பாதை இது கூடும், குறையும். டொலர் 300 ரூபா என்றால் ஒரு கிலோ 3,000 ரூபா. 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்கூலிக் கணக்கில், அந்த ஒரு கிலோவுக்காக உங்கள் அம்மா இரண்டு நாளுக்கு மேல் மலையேற வேண்டும். 11 கிலோவுக்கு 33,000 ரூபா. 24 நாள் கூலியையும் தாண்டுகிறது. நாட்கூலி சில நூறு கூடினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. தோட்டத்தில் ஒரு மாதம் வேலை செய்தால் வரும் காசு, கவுண்டரில் பத்து நிமிடத்தில் போய்விடுகிறது.

இது ஏன் உங்களுக்கே அடிக்கடி நடக்கிறது? டிக்கெட்டை எடுப்பவர் வேறு, பெட்டியைக் கட்டுபவர் வேறு என்பதால். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் திரும்பி வரும் டிக்கெட்டை முதலாளி தர வேண்டும் என்று உடன்படிக்கையில் இருக்கிறது. எத்தனை கிலோ உள்ள டிக்கெட் என்பதை அவரிடம் யாரும் கேட்பதில்லை. அவர் இணையத்தில் விலை குறைந்ததைப் பார்த்து எடுக்கிறார். மலிவு விமானங்களில் பல கட்டணங்கள் ஆளை ஏற்றுவதற்கு மட்டும்தான். கையில் கொண்டுபோகும் சின்னப் பைக்கு மேல், கீழே போடும் பெட்டிக்குத் தனிக்காசு. டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்து வாங்கினால் அந்தக் காசு குறைவு, கவுண்டரில் பல மடங்கு. முதலாளி அன்று மிச்சம்பிடித்த கொஞ்சப் பணத்தை, பயண நாளில் உங்கள் சம்பளத்திலிருந்து நீங்கள் கட்டுகிறீர்கள். இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

இன்னொரு பாரம் வீட்டிலிருந்து வருகிறது. பயணத் தேதி தெரிந்ததும் இமோவிலும் வட்ஸ்அப்பிலும் பட்டியல் ஓடத் தொடங்குகிறது. தம்பிக்குப் போன், சித்தப்பாவுக்கு சென்ட், பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு சோல், கோயில் தலைவருக்கு டோர்ச் லைட். வெறுங்கையோடு வந்தால் லயத்தில் என்ன பேசுவார்கள் என்ற பயம் உங்களுக்கு. பெட்டியின் பருமனை வைத்து நீங்கள் அங்கே எப்படி இருந்தீர்கள் என்று அளக்கும் பழக்கம் நம் லயங்களில் இருக்கிறது. அதை நான் பெற்றோர் கூட்டங்களில் சொல்லி வருகிறேன், இனியும் சொல்வேன். ஆனால் பட்டியலுக்கு "முடியாது" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். இரண்டு வருடம் அடுத்தவர் வீட்டில் கழுவித் துடைத்துச் சமைத்துவிட்டு வருகிறீர்கள். அதை யாருக்கும் பெட்டியைத் திறந்து நிரூபிக்க வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

இனி நான் சொல்லப்போவது வேறு கதை போலத் தோன்றும், ஆனால் அதுவும் பொதியைப் பற்றியதுதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். டுபாயில் வேலை செய்பவர்களுக்கு எமிரேட்ஸ் மோலில் 2005இல் திறந்த பனிச்சறுக்கு மண்டபம் தெரிந்திருக்கும். பாலைவனத்துக்கு நடுவில் செயற்கைப் பனியைக் கொட்டி, காலில் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு சறுக்கி விளையாடும் இடம். அதற்குப் பழகிய வசதியானவர்கள் மார்கழி, தை மாதங்களில் அல்ப்ஸ் மலைப் பக்கம் பறக்கிறார்கள். உங்களில் சிலர் முதலாளி வீட்டுக்காக அந்தப் பலகைகளை உறையில் போட்டு, கட்டையான பெரிய சப்பாத்துகளைத் தனிப் பையில் அடுக்கி, வாகனத்தில் ஏற்றியும் கொடுத்திருப்பீர்கள்.

அந்தப் பலகைகள் பல, ஓர் ஆள் உயரம் இருக்கும். சாதாரணப் பெட்டிக்குப் பல விமானங்களில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்டிமீற்றர்தான் வரம்பு. பலகை அதைத் தாண்டும். ஆனாலும் பல விமான நிறுவனங்கள் அதற்கென்றே விதி வைத்திருக்கின்றன: பலகை உறையும் சப்பாத்துப் பையும் சேர்ந்து ஒரே பொதி, நீளத்துக்காகத் தனிக்கட்டணம் கிடையாது. வேறு சில நிறுவனங்கள் எடை எவ்வளவு என்று பாராமல் நிலையான ஒரு தொகை வாங்குகின்றன. விளையாடப் போகிறவர் தன் பலகைக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டு புறப்படுகிறார்.

அவர்களுக்கு அது கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. அது எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். பலகையை ஏற்றாத விமானத்தில் அவர்கள் ஏற மாட்டார்கள். டிக்கெட் எடுக்குமுன் அதைக் கேட்கிறார்கள், சரியான பதில் வராவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போகிறார்கள். கேட்கிறவர்கள் ஒரு கூட்டமாக இருப்பதால் நிறுவனம் விதியை எழுதி வைக்கிறது. வெளிநாட்டில் படிக்கப் போகும் மாணவர்களுக்குப் பல நிறுவனங்கள் 10 கிலோ வரை கூட்டிக் கொடுக்கின்றன. கப்பலில் வேலை செய்பவர்களுக்கென்று தனிக் கட்டணமும் அதோடு கூடுதல் எடையும் உண்டு. மாதக்கணக்கில் கடலில் இருப்பவர் கனத்த பையோடுதான் வீடு திரும்புவார் என்பதை ஒத்துக்கொண்டு அந்த விதியைச் செய்திருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து வீடு திரும்பும் வீட்டுப் பணிப்பெண் மட்டும் ஏன் ஒரு வாரச் சுற்றுலாப் பயணி போல எண்ணப்பட வேண்டும்?

நீங்கள் சின்னக் கூட்டம் இல்லை. 2024இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் இலங்கைக்கு அனுப்பிய பணம் 6.5 பில்லியன் டொலருக்கு மேல். 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாடு வரிசையில் நின்றபோது, வங்கி வழியாகப் பணம் அனுப்புங்கள் என்று அரசாங்கமே உங்களிடம் கேட்டது. ‘ரட்ட விருவோ’, நாட்டின் வீரர்கள், என்று உங்களுக்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் இடையே பறக்கும் விமானங்களை வருடம் முழுக்க நிரப்புகிறவர்களில் நீங்களும் இருக்கிறீர்கள். இத்தனை பெரிய கூட்டம் ஒரு தடவைகூடச் சேர்ந்து "எங்களுக்கு எத்தனை கிலோ?" என்று கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அதுதான் என் ஆதங்கம்.

எதைக் கொண்டுபோகலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று நம் சனத்துக்கு எப்போதும் வேறு யாரோதான் சொல்லியிருக்கிறார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அட்டனிலிருந்து கோச்சியேறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போன நம் தாத்தா பாட்டிமார் டிரங்குப் பெட்டியோடு நின்றார்கள். கையில் எவ்வளவு பணம், எவ்வளவு நகை என்பதற்கு வரம்பு இருந்தது. அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. உங்களிடம் கடவுச்சீட்டும், கையெழுத்திட்ட உடன்படிக்கையும், கையில் போனும் இருக்கிறது. அவர்களுக்கு இல்லாத பலம் இது.

ஆகவே முதலில் டிக்கெட்டை வாசிக்கப் பழகுங்கள். போனில் வந்த டிக்கெட்டில் ‘பேகேஜ்’ என்று ஓர் இடம் இருக்கும். அதில் 30 என்று போட்டுப் பக்கத்தில் ‘கே’ அல்லது ‘கே.ஜி.’ என்றிருந்தால் மொத்தம் 30 கிலோ, அதைப் பெரும்பாலும் ஒரே பெட்டியிலோ இரண்டிலோ பிரித்துக் கொண்டுவரலாம். 1 அல்லது 2 என்று போட்டுப் பக்கத்தில் ‘பி.சி.’ என்றிருந்தால் அது பெட்டிக் கணக்கு. 2 பி.சி. என்றால் இரண்டு பெட்டி, பெட்டி ஒவ்வொன்றும் பெரும்பாலும் 23 கிலோவுக்குள். அங்கே ஒரு பெட்டியில் 30 கிலோவும் மற்றதில் 10 கிலோவும் வைத்துக்கொண்டு "மொத்தம் சரிதானே" என்றால் ஏற்க மாட்டார்கள். பூச்சியம் போட்டிருந்தால் கீழே போட ஒன்றுமே இல்லை என்று பொருள். எந்த டிக்கெட்டானாலும், 32 கிலோவுக்கு மேற்பட்ட ஒற்றைப் பெட்டியை அநேகமாக எங்கும் எடுக்க மாட்டார்கள். அதைத் தூக்கும் தொழிலாளியின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. அதை நாம் மதிக்க வேண்டும்.

டிக்கெட் எடுக்கப் போகிறோம் என்று வீட்டுக்காரம்மா சொன்ன அன்றே கேளுங்கள். அரபியில் இரண்டே சொல்: "கம் கீலோ?" எத்தனை கிலோ என்று பொருள். தேதி கேட்பது போல, நேரம் கேட்பது போல, சாதாரணமாகக் கேளுங்கள். 20 கிலோ என்றால், 30 உள்ளதை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அவர் முடியாது என்றால், கூடுதல் கிலோவை இணையத்தில் முன்கூட்டியே வாங்கித் தரச் சொல்லி அந்தக் காசை நீங்கள் கொடுங்கள். கவுண்டரில் கட்டுவதைவிட அது குறைவாகவே முடியும். லீவில் வந்து திரும்பப் போகிறவர்களுக்குக் கேட்கும் பலம் இன்னும் அதிகம். பழகிய ஆள் திரும்பி வர வேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்கள். அப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

பெட்டியை அறையிலேயே நிறுங்கள். கையில் தூக்கிப் பிடித்து நிறுக்கும் சின்னத் தராசு அங்கே கடைகளில் மலிவாகக் கிடைக்கும். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலே போதும். இல்லையென்றால் குளியலறைத் தராசில் நீங்கள் ஏறி ஒரு தரம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தரம் பார்த்து இரண்டையும் கழியுங்கள். சில்லு வைத்த பெரிய சூட்கேஸ் வெறும் பெட்டியாகவே நாலைந்து கிலோ வரும், அட்டைப் பெட்டியின் எடை அதில் ஒரு சிறு பங்குதான். வரம்புக்கு ஒரு கிலோ குறைவாகவே கட்டுங்கள், தராசுக்குத் தராசு வித்தியாசம் வரும். கைப்பைக்குப் பல நிறுவனங்களில் 7 கிலோதான். பவர் பேங்க்கும் உதிரி பற்றரியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், கீழே போடும் பெட்டியில் கூடாது. தேன், எண்ணெய், அத்தர் எல்லாம் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலாக இருந்தால் கைப்பையில் விட மாட்டார்கள். அவற்றைக் கீழே போகும் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள்.

எதைக் கொண்டுவருவது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சவர்க்காரமும் சம்பூவும் பிஸ்கட்டும் இன்று அட்டன் டவுனிலேயே இருக்கின்றன. ஒரு பொருளை அங்கே வாங்கினால் எவ்வளவு மிச்சம், அதன் எடைக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிச்சம் சின்னதாக இருந்தால் அந்தப் பொருளை விட்டுவிட்டு, காசை வீட்டுக்கு அனுப்பி இங்கேயே வாங்கச் சொல்லுங்கள். குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி போன்றவற்றைக் கட்டுநாயக்கவில் இறங்கியதும் தீர்வையற்ற கடைகளில் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம். உங்கள் சலுகையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

போர்வை, துணி, பாத்திரம் போன்ற பாரமானவற்றைப் பயணத்துக்கு முன்பே கடல்வழிக் கார்கோவில் போடுங்கள். அதற்கு மாதக் கணக்கில் நாளெடுக்கும், ஆனால் விமானக் கிலோவைவிட மிகக் குறைந்த செலவில் வரும். இரண்டு மூன்று தோட்டத்துக்காரர் சேர்ந்தால் இன்னும் குறையும். போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: பெட்டி யார் பெயரில் வருகிறது? கொழும்பில் எடுக்கப் போகிறவர் கடவுச்சீட்டோடு வர வேண்டுமா? இங்கே மேலும் கட்ட வேண்டியது எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் எதையும் ஒப்படைக்காதீர்கள். அதேபோல, விமான நிலையத்தில் யாராவது "இந்தச் சின்னப் பார்சலை மட்டும் கொண்டுபோங்க" என்று கெஞ்சினால், எவ்வளவு தெரிந்த முகமானாலும் வாங்காதீர்கள். பெட்டிக்குள் பிடிபட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், அதற்காகச் சிறையில் கிடப்பவர்கள் அந்த நாடுகளில் இருக்கிறார்கள்.

பெட்டி உடைந்து வந்தாலும், வராமலே போனாலும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். இலங்கையும் வளைகுடா நாடுகளும் ஏற்றிருக்கும் 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கைப்படி விமான நிறுவனம் அதற்குப் பொறுப்பு. கட்டுநாயக்கவை விட்டு வெளியே வருமுன் அங்குள்ள பொதி முறைப்பாட்டுக் கவுண்டரில் எழுதிக் கொடுத்து, பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். சேதமானால் பெட்டி கைக்கு வந்து 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். கவுண்டரில் தந்த சின்ன ஸ்டிக்கரைக் கடவுச்சீட்டின் பின்னட்டையில் ஒட்டியிருப்பார்கள். அதைக் கிழித்துவிடாதீர்கள். எழுதத் தெரியவில்லை என்றால் உங்கள் தோட்டத்து ஆசிரியர் யாரிடமாவது போங்கள், எழுதித் தருவோம். அது எங்கள் கடமை.

இவையெல்லாம் ஒவ்வொருவரும் தனியாகச் செய்துகொள்ளக்கூடியவை. இதோடு நின்றுவிட்டால், விவரம் தெரிந்த சிலர் தப்பிப்பார்கள், புதிதாகப் போகும் தங்கச்சிமார் அதே தரையில் குந்திப் பெட்டியைப் பிரிப்பார்கள். ஆகவே இனி நீங்கள் எல்லாருமாகச் சேர்ந்து செய்ய வேண்டியதைக் கேட்கிறேன்.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. உங்கள் பதிவும் பயிற்சியும் உடன்படிக்கையும் அதன் வழியாகத்தான் போகின்றன. அந்த உடன்படிக்கையில் "திரும்பும் டிக்கெட்" என்ற வரிக்குப் பக்கத்தில் "குறைந்தது 40 கிலோ பொதியுடன்" என்று சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சில சொற்கள் இருந்தால், டிக்கெட் எடுக்கும் முதலாளி விலையோடு கிலோவையும் பார்த்தாக வேண்டும். வீட்டு வேலைப் பயிற்சியில் சலவை இயந்திரத்தை எப்படி இயக்குவது, குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது என்று கற்றுத் தருகிறார்கள். அதே பயிற்சியில் டிக்கெட்டை வாசிக்கவும் பெட்டியை நிறுக்கவும் அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லித் தரச் சொல்லுங்கள். கொழும்புக்குப் பறக்கும் விமான நிறுவனங்களோடு பணியகமே பேசி, மாணவருக்கும் கப்பல் தொழிலாளருக்கும் உள்ளதைப் போலத் தொழிலாளருக்கும் ஓர் எடைச் சலுகை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

எங்கே, எப்படிக் கேட்பது? பதிவைப் புதுப்பிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் கவுண்டரில் கேளுங்கள். பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் இலங்கைத் தூதரகத்தின் தொழிலாளர் நலன் பிரிவில் எழுதிக் கொடுங்கள். ஊரில் உங்கள் அம்மாவும் அப்பாவும் மாதச் சந்தா கட்டும் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. நாட்கூலிக்காகப் பேசும் அந்தச் சங்கங்களிடம், தோட்டத்திலிருந்து வெளிநாடு போன பிள்ளையின் கூலியையும் பேசச் சொல்லி உங்கள் வீட்டார் தோட்டக் கமிட்டியில் எழுப்பட்டும். விமான நிலையத்தில் மேலதிகமாகக் கட்டிய ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு தோட்டத்திலிருந்து பத்து ரசீது, இருபது தோட்டத்திலிருந்து இருநூறு ரசீது என்று மேசையில் வைத்தால், எந்த அதிகாரியும் இது ஒருவர் இருவரின் குறை என்று தள்ளிவிட முடியாது.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். இந்த மடல் உங்கள் கைக்கு வந்தால், அடுத்த டிக்கெட்டுக்கு முன் "கம் கீலோ?" என்று கேளுங்கள். உங்கள் அறையில் இருக்கும் சிங்கள, முஸ்லிம் சகோதரிகளுக்கும் இதை வாசித்துச் சொல்லுங்கள், கவுண்டரில் கட்டும் காசு எல்லாருக்கும் ஒன்றுதான். வீட்டிலிருந்து வரும் பட்டியலுக்கு வரம்பு வையுங்கள். அதன் பிறகு உங்கள் பெயர், கடவுச்சீட்டில் உள்ளபடி, ஒரு தாளில் எழுதி, "எங்கள் உடன்படிக்கையில் பொதியின் கிலோவையும் எழுதுங்கள்" என்ற ஒற்றை வரியோடு பணியகத்துக்கு அனுப்புங்கள். ஊரில் உங்கள் வீட்டாரும் அதே வரியோடு கையெழுத்திடட்டும். அந்தக் கையெழுத்துகளைச் சேர்த்துப் பணியகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க எங்களைப் போன்ற ஆசிரியர்கள் தயாராக இருக்கிறோம். உங்கள் கையெழுத்து வந்தால் போதும்.

உங்கள் பிள்ளைகளின் ஆசிரியர்,
அட்டன்